பெடல் சத்தம் இல்லாத அடி

அன்று தியேட்டரில் எங்கள் வரிசையில் இருந்தவர்கள் இவர்கள்.

ஓரத்து சீட்டில் முதலாளி. அடுத்து அவர் மனைவி, நாங்கள் முதலாளி அம்மா என்போம். அடுத்து சூப்பர்வைசர். அடுத்து ஸ்டோர் பார்க்கிற அண்ணன். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் சொல்லியும் இடுப்பில் ஒரு முறுக்குப் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு வந்திருந்தார். அடுத்து நான். எனக்கு அடுத்து நாலு. கடைசியில் நாலுவின் வீட்டுக்காரர்.

ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை மேட்னி. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டர். பேய்ப் படம்.

நாலு என்பது பெயர் இல்லை, மெஷின் நம்பர். திருமுடிவாக்கத்தில் நான் வேலை செய்கிற பட்டறையில் ஆறு பவர் பிரஸ் இருந்தது. அதன் பெடலை மிதிப்பவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்தச் சத்தத்தில் பெயர் காதில் விழாது. நம்பர் விழும். நான் மூணு. அவள் நாலு.

இப்போது ஐந்து பிரஸ்தான் ஓடுகிறது. நாலாம் நம்பர் மெஷின் ஷெட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டபடி கிடக்கிறது. மழையில் துருப் பிடிக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போகிறேன். அந்தப் படத்துக்கு மறுநாள் அது எப்படி வெளியே வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

பிரஸ் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம். மோட்டார் போட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுபடும். சக்கரத்தின் பலம் மேலே இருக்கிற இரும்புத் தலைக்குப் போகும். தலை இறங்கி அடிக்கும். தகடு வெட்டுப்படும். தலை மேலே போய் நின்றுவிடும். நாம் கையை உள்ளே விட்டு வெட்டுப்பட்டதை எடுக்க வேண்டும், அடுத்ததை வைக்க வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். ஒரு மிதிக்கு ஓர் அடி. எங்கள் கை உள்ளே போவது அதை நம்பித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் எண்ணுவது. இடது பக்கம் இரண்டு டப்பா இருக்கும். ஒன்றில் நிறைய வாஷர். பத்து அடி அடித்ததும் ஒரு வாஷரை இடது கையால் எடுத்து மற்ற டப்பாவில் போடுவோம். சாயந்திரம் அந்த டப்பாவைக் கொட்டினால் எத்தனை பீஸ் என்று தெரிந்துவிடும். முதல் ஒரு மாதம் வாய் எண்ணும். பிறகு வாய்க்கு வேலை இல்லை. கை எண்ணும். மாடி வீட்டில் ஆணி அடித்தாலும் பத்தாவது அடிக்கு என் இடது கை அசையும். என் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மிதித்தவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. சூப்பர்வைசரும் மிதித்து வந்தவர்தான். ஸ்டோர் அண்ணனும் அப்படித்தான். முதலாளியும் இருபது வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் பட்டறையில் மிதித்தவர். அவரே பெருமையாகச் சொல்லுவார்.

நாலுவுக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். மத்தியானம் சாப்பிட அரை மணி நேரம். ஷெட்டுக்குப் பின்னால் தகடு அடுக்கின இடத்தில் உட்காருவோம். அவள் போனை டிபன் டப்பா மேல் சாய்த்து வைப்பாள். இயர்போனில் ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு. ஒரு படத்தை நாலு நாளில் முடிப்போம்.

"இன்னாடி இது, சோறு துன்றப்போ," என்றேன் ஒரு நாள்.

"நீ கண்ண மூடிக்கோக்கா. காதுல கேட்டா போதும். பயம் காதுலதான் கீது."

"பேயே வரலியே இன்னும்."

"இப்ப எடுக்கற படத்துல பேய் வராதுக்கா. அப்போல்லாம் வெள்ளப் பொடவ கட்டிகினு வரும், நாம சிரிப்போம். இப்ப ஃபிரிட்ஜு கதவு தானா தொறக்கும். அவ்ளோதான் காட்டுவான்."

"ரப்பர் போயிருக்கும். மாத்தச் சொல்லு."

அவள் சிரித்ததில் வாயிலிருந்து சோறு தெறித்தது. "உன்கூட படம் பாக்கறதே வேஸ்ட்டு," என்றாள். பிறகு என்னைத் திருத்த வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "பேய் வரும்போது பயமில்லக்கா. வரும், போயிடும். அப்பாடான்னு ஒரு மூச்சு வுடுவ பாரு. அந்த மூச்சுல வரும் இன்னொரு வாட்டி. அதான் பயம்."

அவள் இதைச் சொல்லி ஒரு மாதம் கழிந்திருக்கும். டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். மூன்றரை மணி. நான் என் மெஷினில் இருந்தேன். அவள் பக்கத்தில். அவள் மிதித்தாள். அடித்தது. தலை மேலே போனது. அவள் கையை விட்டாள். அது மறுபடி இறங்கியது.

அவள் கத்தவில்லை. "அக்கா," என்றாள். தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டாள்.

வலது கை. ஆள்காட்டி விரலும் நடு விரலும். இரண்டாம் கணுவோடு போனது.

நாங்கள் இதை டபுள் என்போம். ஒரு மிதிக்கு இரண்டு அடி. உள்ளே ஒரு ஸ்பிரிங் தளர்ந்தாலோ, சக்கரத்தைப் பிடித்து விடுகிற சாவி தேய்ந்தாலோ வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆயிரம் அடி ஒழுங்காக அடிக்கும். ஆயிரத்து ஒன்றில் தானாக இறங்கும்.

சாயந்திரம் சூப்பர்வைசர் ஒரு பேப்பரில் எழுதினார். போன் பார்த்துக்கொண்டே கையை உள்ளே விட்டதால் விபத்து, தொழிலாளியின் கவனக்குறைவு. அதை ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போனார். அவள் பத்தாவது படித்தவள். அழகாகக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையில் கட்டு. அதனால் இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார்கள். பாதி மயக்கத்தில் இருந்தாள். முதலாளி ஆர்டர் விஷயமாக வெளியூர் போயிருந்தார். மறுநாள் வந்து பேப்பரைப் பார்த்தார், அவரும் கையெழுத்துப் போட்டார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் போன் அப்போது எங்கே இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு முடிந்ததும் போன்களை ஸ்டோரில் கொடுத்துவிட வேண்டும். ஸ்டோர் அண்ணன் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைப்பார். மூன்றரைக்கு அவள் போன் அந்த டப்பாவில் இருந்தது. அண்ணன் அதைச் சொல்லவில்லை. அவருக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள் என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கும்தான் இருக்கிறாள்.

நான் சூப்பர்வைசரிடம் போனேன்.

"மெஷின் டபுள் அடிச்சுது சார்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒன் மெஷின பாக்காம அவ மெஷின இன்னாத்துக்கு பாத்த? அப்ப நீயும் கவனம் இல்லாமதான் வேல செய்யற. அதையும் எழுதிடவா?"

நான் என் மெஷினுக்குத் திரும்பிப் போனேன்.

மெக்கானிக் வந்து எதையோ முறுக்கினான். ஐம்பது அடி அடித்துப் பார்த்தான். ஒழுங்காக அடித்தது. "நல்லாத்தான் கீது," என்று போய்விட்டான். அடுத்த வாரம் என்னை நாலாம் நம்பரில் உட்கார வைத்தார்கள். மூணில் வேறு ஆள். ஆனாலும் என்னை மூணு என்றுதான் கூப்பிட்டார்கள். நாலு என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. அந்த மட்டிலாவது வெட்கம் இருந்தது.

நான் அந்த மெஷினில் ஒரு நாளும் கையை விடவில்லை. ஒரு குச்சியில் காந்தத்தைக் கட்டி, அதைக் கொண்டுதான் பீஸை எடுத்தேன். எண்ணிக்கை குறைந்தது. தினமும் திட்டு வாங்கினேன். வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து முதலாளிக்குத் தெரிந்த யாரோ ஒருவர் மூலமாக சினிமாவிலிருந்து சத்தம் பிடிக்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. மற்ற மெஷின் ஓடக் கூடாது என்று ஞாயிறு கேட்டிருந்தார்கள். வந்தவர்கள் இரண்டு பேர். தாடி வைத்த ஒரு சவுண்டு தம்பி, நீளக் குச்சியில் மைக் பிடிக்கிற ஒரு பெண். மைக்குக்குப் பூனைத் தோல் மாதிரி ஒரு உறை. பட்டறை சார்பில் சூப்பர்வைசரும் நானும்.

தம்பி ஆறு மெஷினையும் காதைக் கிட்டே வைத்துக் கேட்டான். நாலில் நின்றான். "இதுதான். இதுலதான் வெய்ட்டு கீது. அக்கா, பத்து வாட்டி அடிங்க. நடுவுல நடுவுல கேப் வுடுங்க."

"தகடு வெச்சா, வெக்காமலா?"

"எப்படி இருக்கும்?"

"வெச்சா வெட்டும். வெக்காட்டி வெறும் அடி."

"வெறும் அடி," என்றான்.

இரண்டு அடி அடித்ததும் நிறுத்தச் சொன்னான். "அடிக்கு முன்னாடி டிக்குனு ஒரு சின்ன சத்தம் வருதேக்கா. அது இன்னா?"

"பெடல் கம்பி இழுக்கற சத்தம்."

"அது இல்லாம அடிக்க முடியாதா?"

"மிதிக்காம எப்படி தம்பி அடிக்கும்?"

சூப்பர்வைசர் சிரித்தார். "சினிமாக்காரங்க, மூணு. அவங்க மிதிக்காமயே அடிப்பாங்க," என்றார்.

முதலிலிருந்து பத்து அடித்தேன். டிக், அடி. டிக், அடி. பத்தாவதில் என் இடது கை வாஷர் டப்பாவுக்குப் போனது. அதைப் பார்த்து மைக் பிடித்த பெண் புன்னகை செய்தாள். பிறகு தம்பி கையை உயர்த்தினான்.

"இப்ப யாரும் பேசாதீங்க, அசையாதீங்க. மோட்டர் மட்டும் ஓடட்டும். ஒரு நிமிஷம் வெறும் அமைதி வேணும். அக்கா, நீங்க தள்ளி வந்துடுங்க, மூச்சு சத்தம் வுழுது."

நான் எழுந்தேன். இரண்டு எட்டு பின்னால் வந்து தண்ணீர் கேன் பக்கத்தில் சுவரோடு நின்றேன். யாரும் அசையவில்லை. சக்கரம் ஓடுகிற சத்தம் மட்டும். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பு இரண்டும் தரையில் இருந்தன.

அடித்தது.

டிக் இல்லை. அடி மட்டும்.

அந்தப் பெண் மைக் குச்சியோடு பின்னால் நகர்ந்தாள். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. காதிலிருந்து மாட்டினதைக் கழற்றினான். பிறகு அவன் முகம் மாறினது. சிரிப்பு வந்தது.

"சூப்பர்க்கா. இதத்தான் கேட்டேன். இதுதான் வேணும் எனக்கு."

சூப்பர்வைசர் மோட்டாரை நிறுத்தினார். "எந்திரிக்கிறப்போ பெடல்ல கால் பட்டுகிச்சு போல," என்றார்.

"நான் இங்க நிக்கிறேன் சார்."

"பட்டுகிச்சு மூணு. அன்னிக்கே மெக்கானிக் பாத்துட்டு நல்லாருக்குன்னுட்டான். புரியுதா?"

புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேலேயும் இருக்கிறது, அந்த ஒரு நிமிஷத்துக்காக.

சாமான் கட்டும்போது தம்பி நல்ல மனதோடுதான் பேசினான். "ஜனங்க இப்ப பேய்க்கு பயப்படறதில்லக்கா. எவ்ளோ கோரமா மூஞ்சி காட்டினாலும் போன எடுத்து ஃபோட்டோ புடிக்கிறான். முடிஞ்சிடுச்சுன்னு நம்ப வெக்கணும். நம்பினப்புறம் குடுக்கணும். அப்பதான் அலறுவான்."

"இத ஒருத்தி எனக்கு முன்னாடியே சொல்லிட்டா," என்றேன்.

யார் என்று அவன் கேட்கவில்லை. அவனும் கண்ணால் பார்த்தவன். ஓர் இரும்பு தானாக இறங்கியது. அது எவள் கை மேலாவது இறங்கியிருக்குமா என்று அவனுக்குத் தோன்றவில்லை. சத்தம் கிடைத்தது, போய்விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் நாலுவைப் பார்த்தேன். பழைய மிக்ஸி ஜார் ஒன்றை இடது கையால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை முந்தானைக்குள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மிதிக்காமயா?" என்றாள்.

"மிதிக்காம."

"நீ பாத்தியா?"

"நின்னுகினு பாத்தேன்."

அவள் ஜாரைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தாள். "அத எங்க வூட்டுக்காரர் கிட்ட சொல்றியாக்கா? வண்டியாண்ட நிக்கறாரு."

அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். கெட்டவர் இல்லை. கட்டுப் பிரிக்கிறவரைக்கும் அவளுக்குச் சோறு ஊட்டியவர். ஆனால் பேப்பரில் எழுதியிருந்ததை நம்பிவிட்டார். வீட்டில் குழம்பு கிண்டும்போதும் அவள் போனைச் சாய்த்து வைத்துப் படம் பார்ப்பாள். அதைப் பார்த்தவர் நம்பாமல் என்ன செய்வார். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். பெருங்களத்தூரில் அவர்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார், பேய்ப் படம் பார்த்து விரலைத் தொலைத்தவள் என்று.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நீ அவ ஃபிரண்டு. நீ இன்னா வேணா சொல்லுவ," என்றார். வண்டியில் ஏறிவிட்டார்.

நாலு என் பக்கத்தில் நின்றாள். "அவரு நம்பலன்னாகூட போவுதுக்கா. எம் பொண்ணு ஸ்கூல்ல சொல்லிகினு கீது. எங்கம்மா போன் பாத்துகினே கைய வுட்டுட்டாங்க, அதான் வெரல் இல்லன்னு. நான் பக்கத்துல நிக்கறேன், மிஸ்ஸு கிட்ட சொல்லுது. நான் இன்னா சொல்றது? அழுதுச்சுன்னாகூட பரவால்ல. சிரிச்சிகினே சொல்லுது."

அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மெஷின் தானாக அடித்தது என்று, சொல்ல வேண்டியவர் வாயால், அவள் வீட்டுக்காரர் காதில் விழ வேண்டும். அது போதும் என்றாள். நான் சொன்னால் செல்லாது. சூப்பர்வைசர் சொல்ல மாட்டார். பாக்கி முதலாளி ஒருவர்தான்.

படம் வர ஏழெட்டு மாதம் ஆனது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ஆரம்பத்தில் நன்றி போடுகிற இடத்தில் பட்டறைப் பெயர் வருகிறதாம். "நம்ம மெஷின் நடிச்ச படம். எல்லாரும் வாங்க," என்றார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மற்ற மிதிக்கிறவர்கள் ஒருவரும் வரவில்லை. எடுத்த டிக்கெட் மிஞ்சியது.

"நாலுவ கூப்ட்டுகினு வரட்டுமா சார்? வூட்டுக்காரரோட," என்று கேட்டேன்.

அவர் மிஞ்சின டிக்கெட்டை எண்ணினார். "வரட்டும்," என்றார்.

இங்கேதான் அவர் தப்புப் பண்ணினார். சத்தம் வெறும் சத்தம் என்று நினைத்தார். மிதித்த ஒருவர் அப்படி நினைக்கலாமா.

படம் தொடங்கியது. பட்டறைப் பெயர் வந்தபோது முதலாளி அம்மா கை தட்டினார்கள். கதை இதுதான். ஒரு பெண் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். அவளுக்கு மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அங்கேயிருந்து சத்தம் வருகிறது. பேய் இல்லை. ரத்தம் இல்லை. முகம் இல்லை. சமையலறை, குழாய், ஃபேன், அவ்வளவுதான் காட்டினார்கள். எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். பயம் அதில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. சுடுகாட்டைக் காட்டினால் நாம் அங்கே போகாமல் இருந்துவிடலாம். வீட்டில் தினமும் கை வைக்கிற சாமானைக் காட்டினால் எங்கே போவது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் நாற்காலியில் ஏறி நின்று கூரையில் காதை வைக்கிறாள். மேலேயிருந்து அடி விழுகிறது.

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. கொஞ்சம் மெதுவாக்கியிருந்தான், கனமாக்கியிருந்தான். ஆனாலும் அது நாலாம் நம்பர்தான். டிக், அடி. டிக், அடி. என் பக்கத்தில் நாலு மூச்சை நிறுத்தினாள். தியேட்டரே கப்சிப். திரையில் அந்தப் பெண் நடுங்குகிறாள். எங்கள் வரிசையில் யாரும் நடுங்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தோம்.

பத்தாவது அடிக்கு என் இடது கை அசைந்தது. நாலுவின் இடது கை அசைந்தது. அந்தப் பக்கம் பார்த்தேன். ஸ்டோர் அண்ணனின் கை முறுக்குப் பொட்டலத்தை விட்டு எழுந்து பக்கத்தில் போய் வந்தது. சூப்பர்வைசர் கை. கடைசியில், மோதிரம் போட்ட முதலாளியின் கை. இருட்டில் அந்த மோதிரம் மின்னியது.

பிறகு அமைதி. அந்த ஒரு நிமிஷ அமைதி. சக்கரம் ஓடுகிற சத்தத்தைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் சத்தம் மாதிரி வைத்திருந்தான். திரையில் அந்தப் பெண் நாற்காலியிலிருந்து இறங்குகிறாள். நெற்றியைத் துடைக்கிறாள். ஒரு மூச்சு விடுகிறாள்.

அடித்தது.

டிக் இல்லாமல்.

தியேட்டர் முழுக்க அலறியது. பின்வரிசையில் ஒருவன் பாப்கார்னைக் கொட்டினான். அடுத்த நொடியில் எல்லோரும் சிரித்தார்கள். பயந்துவிட்டோமே என்கிற சிரிப்பு. "செம்ம மச்சான், உள்ளயே எறங்குது பாரு," என்றான் அந்தப் பின்வரிசைக்காரன். எதற்குப் பயந்தோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. முதல் பத்துக்கும் முன்னால் ஒரு சின்னச் சத்தம் இருந்தது, அவர்கள் காது அதைப் பழகிக்கொண்டது, கடைசி அடிக்கு அது இல்லை. அதுதான் அவர்களை அலற வைத்தது. யாரும் மிதிக்காமல் ஒன்று இறங்குகிறது. உலகத்தில் அதைவிடப் பயம் கிடையாது. அவர்களுக்கு அது டிக்கெட் வாங்கிய பயம். வெளியே போனதும் பஜ்ஜி சாப்பிடுவார்கள்.

நாலு அலறவில்லை. அவள் வலது கை முந்தானைக்குள் போயிருந்தது. அதன் மேல் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். சிரித்தவர்கள் மேல், அந்தத் தம்பி மேல், அடுத்த சீட்டுக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு கை அசைத்தவன் மேல். உன் கைக்குத் தெரிகிறது. வாய்க்கு மட்டும் தெரியவில்லையா?

இடைவேளையில் எல்லோரும் வெளியே வந்து தின்பண்டக் கடைக்குப் பக்கத்தில் நின்றோம். முதலாளி எல்லோருக்கும் காபி சொன்னார். முகம் சரியில்லை. முதலில் பேசியது நாலுவின் வீட்டுக்காரர்.

"ஒரு நிமிசம். அங்க டம்மு டம்முனு அடிச்சான் இல்ல. ஒரு அடிக்கு எல்லாரும் ஒண்ணா கைய ஆட்டுனீங்க. எதுக்கு?"

சூப்பர்வைசர் காபியை ஊதிக் குடித்தார்.

"நான் ஓரமா குந்திகினு பாத்தேன். அஞ்சு பேரு. வரிசையா. இவளும்தான். இன்னாது அது?"

ஸ்டோர் அண்ணன் சொன்னார். "வாஷர் மாத்தற பழக்கம்பா. பத்து அடிக்கு ஒண்ணு. தானா வரும்."

"அப்ப எண்ணிகினு இருந்தீங்க."

"எண்ணலப்பா. கை எண்ணும்."

"அதுக்கு அப்புறமும் ஒண்ணு அடிச்சுதே. எல்லாரும் அலறுனாங்களே."

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "சினிமாப்பா அது. கம்ப்யூட்டர்ல சேக்கறது. ஒண்ண நூறாக்குவான்."

அப்போது பேசினேன். கத்தவில்லை. ஆனால் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல சேத்தா பெடல் சத்தத்தோட சேந்து வரும். பத்துக்கும் வந்துச்சு. கடசிக்கு வரல. மிதிச்சவங்க காதுக்கு அது தெரியும். அன்னிக்கி நான் சொவத்தாண்ட நின்னுகினு இருந்தேன். மெஷின்லேர்ந்து ரெண்டு எட்டு தள்ளி. சாரு என் பக்கத்துல நின்னாரு. அவரு பாத்தாரு. அவரே மோட்டர ஆஃப் பண்ணாரு. என் கால் பட்டுச்சுன்னு சொல்லச் சொன்னாரு. நானும் வாய மூடிகினேன். இவ கை மேல எறங்கினதும் இதே அடிதான்."

"மூணு, பாத்துப் பேசு," என்றார் சூப்பர்வைசர்.

"என் பேரு மூணு இல்ல சார். இது பட்டறை இல்ல."

ஸ்டோர் அண்ணன் காபியைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கி அந்தப் பொண்ணு போனு என் டப்பாலதான் இருந்துச்சு. நான்தான் மூடி வெச்சேன்." ஒரு வருஷம் கழித்துச் சொன்னார். சொன்னாரே என்று நான் சந்தோஷப்படவில்லை.

நாலுவின் வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையை விலக்கி வலது கையை வெளியே எடுத்துத் தொங்கவிட்டாள். மறைக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் முதலாளிக்கு முன்னால் போய் நின்றார். வண்டி ஓட்டுகிற கை, பெரிய கை. அடித்துவிடுவாரோ என்று முதலாளி அம்மா பயந்து ஒதுங்கினார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொதலாளி. நீங்களும் கைய ஆட்டுனீங்க. நான் பாத்தேன். எனக்கு மெஷினும் தெரியாது, பெடலும் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் நம்பறேன். எம் பொண்ணு கிட்ட போயி அதச் சொல்லிக்கறேன்."

பெல் அடித்தது. கூட்டம் உள்ளே போகத் தொடங்கியது. நாங்கள் ஏழு பேரும் நகரவில்லை.

"நேரமாச்சு, படம் போட்டுடுவான்," என்றார் சூப்பர்வைசர்.

"சும்மா இருங்க," என்றார்கள் முதலாளி அம்மா. யாரிடம் சொன்னார்கள் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. பிறகு கணவர் பக்கம் திரும்பினார்கள். "கேக்கறார் இல்ல. சொல்லுங்க."

முதலாளி தன் இடது கையைப் பார்த்தார். மோதிரத்தைத் திருகினார். பிறகு நாலுவின் வலது கையைப் பார்த்தார். அதைப் பார்க்க அவருக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

"எத்தினி மிதி கேட்டுச்சு மொதலாளி?" என்று கேட்டார் நாலுவின் வீட்டுக்காரர்.

"பத்து."

"எத்தினி அடி?"

"பதினொண்ணு."